நாலு துண்டு ரப்பர்

தங்கையன் லாரி ஓட்டிய முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மனுஷர் மேலும் ஒரு சொட்டுச் சேறு தெறித்தது கிடையாது. இதை அவரே சொல்லுவார். கேட்டவர்களுக்கும் சொல்லுவார், கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லுவார். ஆரியசாலை மண்டிகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போன காலத்துக் கதை அது. மழைக்காலத்தில் அந்தச் சாலைக்கடைத் தெரு முழுக்கக் கலங்கின வெள்ளமும் ஆளும் பெண்ணுமாக நெரியும்போது கூட, தன் வண்டி கடந்து போனால் வேட்டி நனையாது என்பார். அதற்கு அவரிடம் ஒரு சித்தாந்தமும் இருந்தது. குழியைக் கண்டு வளைக்கிறவன் டிரைவர் இல்லை. நேரே இறக்கி நேரே ஏற்றுகிறவன்தான் டிரைவர்.

அந்தச் சித்தாந்தம்தான் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னம்மையின் மேல் விழுந்தது.

பாறசாலையிலிருந்து மேற்கே உள்ளே போனால் நெடுவிளை. ரப்பர் மரமும் வாழையும் மரச்சீனியும் மாறி மாறி வரும் செம்மண் ஊர். சர்ச் பாறை மேல் இருக்கிறது. தங்கையன் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். மனைவி ஜெயபாய்க்கு முழங்கால் முட்டு தேய்ந்துபோய் அந்த ஏற்றம் ஏற முடியாமல் ஆனபிறகுதான் கார் வந்தது. யாரோ ஓட்டிப் பழகின சின்ன வெள்ளைக் கார். தங்கையன் அதை ரப்பர் பால் எடுக்கப் போகுமுன் ஒருதரம், திரும்பி வந்து ஒருதரம் துடைப்பார். ரப்பர்ஷீட் அடிக்கிற கை அவ்வளவு பதமாகத் துடைக்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மேசை முன் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனை. அன்றைக்கு நெடுவிளை சபையில் பெண்கள் எல்லாருக்கும் வெள்ளைச் சேலை, ஆண்களுக்கு வெள்ளை வேட்டியும் சட்டையும். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனால் வேறு நிறத்தில் வந்து அந்த மேசைக்கு முன் முழங்காலிட்டவர்களும் இல்லை. பொன்னம்மைக்கு அதற்கென்றே ஒரு சேலை உண்டு. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொல்லாங்கொட்டையைத் தட்டி உடைத்துப் பொளிக்கிற வேலை அவளுக்கு, நாற்பது வருஷமாக. கொட்டையின் எண்ணெய் ஏறி இரண்டு கையும் கறுத்துக் கிடக்கும். சோப்புக்கும் போகாது, சாம்பலுக்கும் போகாது. அந்தக் கையோடு அந்தச் சேலையைக் கஞ்சி போட்டு மடித்து, மாதம் ஒருதரம் எடுத்து உடுப்பாள்.

முந்தின நாள் மத்தியானம் துலாமழை கொட்டியிருந்தது. பிலாமூடு வளைவில், குழாய் போட வந்த காண்டிராக்டர் தோண்டி மூடாமல் போட்ட பள்ளம் நிறைந்து கிடந்தது. ஒருபக்கம் கல்மதில், மறுபக்கம் தோடு என்கிற ஓடை. தங்கையன் நேரே இறக்கி நேரே ஏற்றினார். கண்ணாடி ஏற்றியிருந்தது. ஜெயபாய் அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மதிலோரம் ஒதுங்கி நின்ற பொன்னம்மையைக் கடந்ததை இரண்டு பேருமே கண்டார்கள், ஜெயபாய் கையும் காட்டினாள். பின்னால் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆராதனையில் பொன்னம்மையின் இடம் காலியாகக் கிடந்தது. முடிந்து வரும் வழியில் ஜெயபாய் அவள் வீட்டுப் படியேறினாள். முற்றத்து வாளியில் சேலை ஊறிக்கொண்டிருந்தது. வெள்ளம் செம்பருத்திப் பூப் போலச் சிவந்திருந்தது.

"சேலைக்கு என்ன பற்றிச்சு அக்கா?"

"ஒனக்க காரு பற்றிச்சு."

பொன்னம்மை சண்டை போட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எனக்க கை கறுப்பு. அது எனக்க சோலி, தெய்வத்துக்குத் தெரியும். ஆனா சேல வெள்ளயாக்கும் இருந்தது, ஜெயம். நாப்பது வருசத்துல பேறுகாலம் தவிர ஒரு திருவிருந்து நான் விட்டதில்ல. இன்னைக்கு விட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜெயபாய் மரச்சீனிக் கிழங்கை அவித்தாள், காந்தாரி மிளகாயை உள்ளி வைத்து நசுக்கினாள், மீன்கறியைச் சூடாக்கினாள், எல்லாவற்றையும் தங்கையன் முன் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இனி நான் அந்தக் காருல ஏறமாட்டேன்."

தங்கையன் எடுத்த மரச்சீனியைத் தட்டிலேயே வைத்தார். "நான் வேணும்னா செய்தேன்?"

"வேணும்னு செய்யல்ல. அறியாம செய்தீங்க. இப்ப அறிஞ்சாச்சே, இனி என்ன?"

"அறிஞ்சது என்னத்த? அந்த அக்கா குழிக்கப் பக்கத்துல போயி நின்னா நான் என்ன செய்ய? முப்பத்தோரு வருசம் லாறி ஓட்டுனவன். ஒரு மனுசன்..."

"...மேல ஒரு சொட்டுச் சேறு தெறிச்சதில்ல" என்று மகள் ஷெமி முடித்துவைத்தாள். அவள் தினமும் பாறசாலையில் ரயிலேறி, கிழக்கேகோட்டையில் ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். அப்பாவின் வாக்கியங்கள் அவளுக்கு மனப்பாடம். "அப்பா, வீலுக்குப் பின்னால ரப்பர் தொங்குமே, மட்ஃபிளாப், அது ஒரு செட் போட்டா தீரும் இந்தப் பிரஸ்னம். இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பகளம்?"

"மட்பிளாப்பா? காருக்கா?" தங்கையன் கையை உதறினார். "அது லாறிக்கு உள்ளதாக்கும். காருக்கு வேணும்னா கம்பெனிக்காரனே வச்சுத் தந்திருப்பான். அவனுக்கு அறியாததா ஒனக்கு அறியும்?"

"கம்பெனிக்காரன் நெடுவிளை ரோட்ட கண்டானா?"

"ஸ்பீட்பிரேக்கர் ஹம்ப் ஏறுனா தட்டும். தறையில உரசும். பைக்குக்காரன் பின்னால வந்து சவுட்டிப் பிச்சு எடுப்பான்."

"எந்த பைக்குக்காரன்?"

"எவனாவது. இன்னைக்கு மட்பிளாப்பு சொல்லுவ. நாளைக்கு ஏர்ஹாரன் சொல்லுவ. மற்றநாள் பம்பருல 'பாறசாலை டூ சாலை'ன்னு எழுதச் சொல்லுவ. காரு காரு மாதிரி இருக்கணும்டி, மோளே."

இந்தப் பிடிவாதத்துக்கு உள்ளே இருந்தது என்ன என்று ஜெயபாய்க்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் காக்கிச் சட்டையும் டீசல் நாற்றமுமாக நடந்த மனுஷன். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது கூட 'லாறித் தங்கையன்' என்றுதான் இலை போட்டார்கள். கார் வந்த அன்று சபையில் ஒரு மூத்தவர் 'வாரும் தங்கையன்' என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டதை மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பு ரப்பர் தொங்குகிற கார் மறுபடியும் தன்னை லாரிக்காரனாக்கிவிடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பொன்னம்மையின் வாளியில் ஊறிய சேலையும் நியாயமானதுதானே.

"ஒங்களுக்கு அந்த அக்காக்க சேலயவிட காருக்க அழகாக்கும் பெருசு" என்றாள் ஜெயபாய். "ஒருத்திய மேசையிலேர்ந்து தள்ளி நிறுத்திட்டு நான் எப்பிடி அடுத்த மாசம் போயி முட்டுக்குத்துவேன்? பொன்னம்மக்கா வராம நானும் மேசைக்குப் போகமாட்டேன். அதுவரைக்கும் நடக்கேன்."

நடந்தாள். புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு நடந்தாள், வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியத்துக்கு நடந்தாள். வலது முட்டைப் பிடித்து, பத்தடிக்கு ஒருதரம் ரப்பர் மரத்தில் சாய்ந்து, மறுபடியும் நடந்தாள். தங்கையன் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் நின்றால் அவர் நின்றார், அவள் நடந்தால் அவர் உருட்டினார். கடைசியில் கண்ணாடியை இறக்கி, "எடி, ஏறுடி. ஆளு பாக்குது" என்றார்.

"பாக்கட்டு. கண்ணுள்ளவங்க பாக்கத்தான் செய்வாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் அவள் முட்டு வீங்கிப் பந்தாகிவிட்டது. தங்கையன்தான் எண்ணெய் காய்ச்சித் தடவினார். அவளுடைய வெள்ளைச் சேலையைத் துவைத்து நீலம் போட்டு வைக்கிறதும், பிழிந்து கொடியில் விரிக்கிறதும் கூட அவர் வேலையாயிற்று. குனிய முடியாத பெண்ணிடம் சண்டை போட அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மட்ஃபிளாப் போட மனம் வரவில்லை. இரண்டும் ஒரே மனம்தான்.

மூன்றாவது வாரம் ஷெமிதான் வழி சொன்னாள்.

"அப்பா, ஒங்க பேச்சு செரின்னா ஒண்ணு செய்யலாம். அந்த அக்கா நின்ன எடத்துல நீங்க நில்லுங்க. நான் காரு எடுத்துட்டு வாறேன். தெறிக்குதா இல்லியான்னு பாத்துருவோம்."

தங்கையன் சிரித்தார். தோற்றுப்போவதற்கு வாய்ப்பே இல்லாத பந்தயம் கிடைத்த சிரிப்பு. "நிக்கேன். வெள்ள வேட்டி கட்டிட்டு நிக்கேன். நான் போற ஸ்பீடுல, நான் போற மாதிரி நேரே வரணும், கேட்டியா? பயந்து வளைக்கப்பிடாது."

"வளைக்கமாட்டேன்."

சனிக்கிழமை மழை விட்ட வெயிலில், பெட்டியிலிருந்து சர்ச்சுக்குப் போகிற வேட்டியையே எடுத்து உடுத்துக்கொண்டு போய், மதிலோரம், பொன்னம்மை நின்ற அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். ஜெயபாயும் மெல்ல நடந்து வந்து கொஞ்சம் தள்ளி ஒரு பிலா வேரில் உட்கார்ந்தாள். அண்டி ஆபீஸ் விட்டு வந்த நாலைந்து பெண்கள் என்னவோ விசேஷம் என்று நின்றார்கள். தங்கையன் அவர்களைப் பார்த்து, "இப்ப காணலாம்" என்று சொன்னார்.

ஷெமி வந்தாள். அப்பன் சொன்ன ஸ்பீடில், அப்பன் சொன்ன மாதிரி நேரே. முன் சக்கரம் இறங்கியபோது முழங்கால் வரை வந்தது. பின் சக்கரம் இறங்கியபோது மீதி வந்தது. வேட்டி, சட்டை, கழுத்து, வாய். கார் கடந்து போய் நின்றது. தங்கையன் நின்ற இடத்திலேயே நின்றார். மேலுதட்டில் மண் ருசித்தது.

அண்டி ஆபீஸ் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார்கள். ஜெயபாய் பொத்திக்கொள்ளவில்லை. முட்டு வலியை மறந்து, பிலா வேரில் ஆடி ஆடிச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதைக் கேட்டதும் தங்கையனுக்குக் கோபம் வரவில்லை.

முகத்தைத் துடைத்தபோது அவருக்குத் தன் பழைய லாரி ஞாபகம் வந்தது. பின் சக்கரத்துக்குப் பின்னால், தரைக்கு ஒரு சாண் மேலே வரைக்கும் தொங்கும் கனத்த கறுப்பு ரப்பர். கிழிந்தால் முதலாளி அன்றைக்கே மாற்றச் சொல்லுவார். முப்பத்தோரு வருஷமாக ஆட்கள் வேட்டி நனையாமல் நடந்தது எதனால் என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது. டிரைவரின் சாமர்த்தியம் என்று ஊரெல்லாம் சொன்னாரே, பாதிக்கு மேல் அந்த ரப்பரின் சாமர்த்தியம்.

"அப்பா, தோத்துட்டீங்களா?" என்று ஷெமி காரிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தோக்கல்லடி. அறிஞ்சேன்" என்றார். அதையும் கொஞ்சம் கெத்தாகத்தான் சொன்னார்.

வேட்டி கூட மாற்றாமல் காரைப் பாறசாலைக்கு விட்டார். ஜங்ஷனுக்குத் தெற்கே அஜீஷ் கார் சாமான் கடை வைத்திருந்தான். சீட் உறை, ஸ்டீரியோ, வாசனைக் குப்பி எல்லாம் விற்கிற கடை. மண் பூசின ஆளைப் பார்த்ததும் அவன் வாட்டர்சர்வீஸ் பக்கத்துக் கடை என்று கை காட்டினான்.

"எனக்குக் குளிக்க வேண்டாம். மட்பிளாப்பு வேணும். நாலு."

"பின்னால ரெண்டு போதாதா மாமா? முன்னால போட்டா ஒடிச்சுத் திருப்பும்போ சிலது தட்டும்."

"முன்னால தெறிச்சது முட்டு வரைக்கும். பின்னால தெறிச்சது வாய் வரைக்கும். நான் நின்னு பாத்தாச்சு. நாலும் போடு."

அஜீஷ் கெட்டி பிளாஸ்டிக்கில் பளபளவென்று இருந்த ஒரு செட்டை எடுத்துக் காட்டினான். தங்கையன் அதை வளைத்துப் பார்த்தார். ஹம்ப்பில் ஒருதரம் தட்டினால் பொட்டி உடையும் என்றார். சாதா ரப்பர், எழுத்தும் படமும் இல்லாதது, கொஞ்சம் இறக்கமாக வேண்டும் என்றார். அஜீஷ் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தான். குனிந்து ஸ்க்ரூ போட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

"மாமா, ஒரு காரியம் உள்ளத சொல்லட்டா? சாமான் விக்கிறவன் சொல்லப்பிடாது. இது பின்னால தெறிக்கத நல்லா பிடிக்கும். குழியில தொபுக்குன்னு எறக்குனா சைடுல போறத இது பிடிக்காது. அதுக்குக் காலு வேணும்."

"என்ன காலு?"

"பிரேக்குல வைக்க காலு."

தங்கையன் குனிந்து ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் முப்பத்தோரு வருஷத்தில் தொடங்கியிருப்பார். அன்றைக்கு வாயில் இன்னும் மண் இருந்தது.

ஊருக்குள் விஷயம் காரைவிட முன்னால் போய்ச் சேர்ந்தது. அண்டி ஆபீஸ் பெண்கள் தங்கையன் நனைந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தியின் கணக்கில் அவர் தலை வரைக்கும் முங்கிவிட்டார். அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள் தங்கையன் பொன்னம்மை வீட்டுக்குப் போனார். அவள் முற்றத்தில் மரச்சீனித் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா, தப்பு எனக்குள்ளதாக்கும். மட்பிளாப்பு போட்டாச்சு. நாளைக்குக் காருல வரணும்."

பொன்னம்மை கத்தியை நிறுத்தவில்லை. "நாலு துண்டு ரப்பரு போட்டா எனக்கு எப்பிடி தம்பி நம்பிக்க வரும்?"

"வந்து ஏறிப் பாருங்க."

"ஏறுனா என்ன தெரியும்? உள்ள இருக்கவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு ஜெயத்துக்குத் தெரிஞ்சதா?" உரித்த கிழங்கை வெள்ளத்தில் போட்டாள். "நீ சேறு வாங்கி நின்னேன்னு கேட்டேன். அது எனக்கு இஷ்டப்பட்டுது. நாளைக்கு நான் நிக்கேன். அதே கல்லுக்கப் பக்கத்துல, அதே சேலையில. நீ ஒனக்க போக்குல கடந்து போ. ஒரு சொட்டு விழுந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன், பின்ன இந்த ஜென்மத்துல ஒனக்க வீட்டு வெள்ளம் குடிக்கமாட்டேன். விழல்லன்னா ஏறுதேன்."

தங்கையனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு டிரைவரைப் பார்த்து இதைவிட மரியாதையாக ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை என்றும் தோன்றியது. "செரி அக்கா" என்றார்.

சாயங்காலம் மழை பெய்தது. பள்ளம் விளிம்பு வரை நிறைந்தது.

ஞாயிறு காலையில் ஜெயபாய் அவருக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். "நானும் அக்காகூட நிக்கப் போறேன்" என்றாள். "ஒரு சேலை நனைஞ்சா ரெண்டும் நனையட்டு."

"ஒனக்கும் நம்பிக்க இல்லியா?"

"இல்லன்னா நான் என்னத்துக்கு வெள்ள உடுத்திட்டு நிக்கேன்?" என்று கேட்டுவிட்டு, முட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தங்கையன் காரை எடுத்தார். ஷெமி பின்சீட்டில் இருந்தாள். பிலாமூடு திரும்பியதும் தெரிந்தார்கள். கல்மதிலோரம் இரண்டு வெள்ளைச் சேலை. பொன்னம்மை ஜெயபாயின் கையைக் கோர்த்துப் பிடித்திருந்தாள். கறுத்த விரல்கள் ஜெயபாயின் விரல்களுக்கிடையில் தெரிந்தன. பின்னால் சர்ச்சுக்கு வருகிற வேறு சிலரும் குடையும் வேதப்புத்தகமுமாக நின்றுவிட்டார்கள். முதல் மணி அடித்தது.

அவர் கை ஸ்டியரிங்கில் வியர்த்தது. அரிசி மூட்டையோடு ஆரமலை ஏற்றத்தில் பிரேக் போன அன்று கூட இப்படி வியர்க்கவில்லை. முதல் கியருக்கு மாற்றினார். நேரே இறக்குகிற மனுஷன், அன்றைக்குத் தோட்டுப் பக்கம் வளைத்தார். வளைக்க முடிந்த மட்டும் வளைத்து, இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் வெள்ளத்தில் இறங்கும்படி விட்டார். வெள்ளம் சக்கரத்தைச் சுற்றி மெல்ல விலகியது. முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் இறங்கியபோது மூச்சை விடவில்லை. அதுவும் ஏறியது. கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வராமல், கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பொன்னம்மை பின்னால் ஏறி ஷெமியை நகரச் சொன்னாள். ஜெயபாய் முன்னால் வந்து, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தன் இடத்தில் உட்கார்ந்து, சேலையின் கொசுவத்தை உள்பக்கமாக இழுத்து மடித்துக்கொண்டாள்.

"தெறிச்சுதா?" என்றார் தங்கையன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் பொன்னம்மை.

"எனக்கும் இல்ல" என்றாள் ஜெயபாய்.

"ரெண்டாம் மணி அடிக்கப் போகுது தம்பி" என்று பொன்னம்மை பின்னாலிருந்து முதுகில் தட்டினாள். "இனி கொஞ்சம் வெரசா விடு. நாப்பது வருசத்துல நான் பிந்திப் போனதும் இல்ல."

பாறை மேல் கார் ஏறியது. இரண்டு ஹம்ப்பிலும் மட்ஃபிளாப் உரசிச் சத்தம் போட்டது. தங்கையன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். சர்ச் முற்றத்தில் நின்ற ஒருவர் பின்சக்கரத்தைப் பார்த்து, "என்ன தங்கையன், பழைய ஞாபகமா?" என்று கேட்டார். "ஓ, பழசுதான் நல்லது" என்று சொல்லிவிட்டு, பொன்னம்மைக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.

திருவிருந்துக்கு முதலில் பெண்கள் போனார்கள். பொன்னம்மையும் ஜெயபாயும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். ஜெயபாய்க்கு முட்டு மடங்க நேரமானது, பொன்னம்மை முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். கறுத்த கைகளைக் குவித்து நீட்டினாள். ஆண்கள் பக்கத்து இரண்டாம் வரிசையிலிருந்து தங்கையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனம் நிறைந்திருந்தது. அப்போதுதான், மடித்துச் செருகியிருந்த கொசுவம் அவிழ்ந்து தரையில் பரந்தபோது, ஜெயபாயின் சேலைக் கரையில் செம்மண் தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பயறளவு இருக்கும்.

திரும்பி வரும் வழியில், பிலாமூடு பள்ளத்தை முதல் கியரில் வளைத்துக் கடந்து, பொன்னம்மையை அவள் வீட்டுப் படியில் இறக்கிவிட்டார்கள். ஷெமியும் மரச்சீனி வாங்க அவளோடு இறங்கிக்கொண்டாள். காரில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். வண்டி மறுபடியும் உருண்ட பிறகு தங்கையன் கேட்டார்.

"எடி, சேலக் கரையில என்ன அது?"

ஜெயபாய் குனிந்து பார்க்கக் கூட இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது பழைய கறை."

தங்கையன் தலையாட்டினார். அந்தச் சேலையை முந்தின நாள் துவைத்து, நீலம் போட்டு, கொடியில் விரித்தது அவர்தான்.